மழையில் வந்த புகைவண்டி

ஓவியத்தைப் பற்றி நம் சமுதாய ஏடுகளில் எழுதப்படுவது மிகக் குறைவு. கவிதையைப் பற்றி எழுதுவோம். காப்பியங்களைப் பற்றி எழுதுவோம். கல்வெட்டையும் கட்டடக் கலையையும் கூடத் தொட்டுச் செல்வோம். ஓவியம் என்று வந்தவுடன் பேனா தயங்குகிறது. உயிருள்ளவற்றின் உருவை வரைவது பற்றி மார்க்க அறிஞர்கள் கூறியுள்ள தடையே இத்தயக்கத்திற்குக் காரணம் என்பதை நாம் அறிவோம். ஆயினும், அத்தடையைப் பேசும் அதே ஹதீஸ் நூல்களில்தான், ஓவியத் தொழிலால் பிழைத்து வந்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தியும் பதிவாகியிருக்கிறது. மத்ரஸாவில் ஓதிய எவரும் இதனைக் கடந்துதான் வந்திருப்பர். நின்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. மரத்தை வரையலாம் எனில் மலையை வரையலாம்; மலையை வரையலாம் எனில் ஆற்றையும் வானையும் மழையையும் வரையலாம். நிலக்காட்சி ஓவியம் என்று இன்று வழங்கும் கலையின் பெரும்பகுதி அந்த ஒரு வழிகாட்டலுக்குள் அடங்கிவிடுகிறது.

இது வெறும் ஏட்டளவில் நின்ற செய்தியும் அன்று. டமாஸ்கஸ் நகரில் உமையாக் கலீபா வலீத் காலத்தில் எழுந்து ஏறத்தாழ கி.பி. 715இல் நிறைவுற்ற பெரிய பள்ளிவாசலின் முற்றத்துச் சுவர்களில், வண்ணச் சில்லுகளைப் பதித்து ஆக்கிய காட்சிகள் இன்றும் எஞ்சி நிற்கின்றன. ஓடும் ஆறு, அதன் கரையில் ஓங்கிய மரங்கள், மரங்களிடையே மாளிகைகள். மனித உருவம் ஒன்றுமில்லை, விலங்குருவும் இல்லை. ஐரோப்பியர் நிலக்காட்சியைத் தனிக் கலையாகப் போற்றத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே முஸ்லிம்களின் தொழுகையிடம் ஒன்றில் நிலக்காட்சி இடம் பெற்றுவிட்டது. ஆகவே நாம் இங்கே பேசப் புகுவது நமக்கு அயலான பொருள் என்று எவரும் ஒதுங்க வேண்டியதில்லை.

நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஆங்கில ஓவியர் ஜோசப் மாலர்ட் வில்லியம் டர்னர், 1844இல் இலண்டன் இராயல் அகாடமியின் கண்காட்சியில் வைத்த ஓர் ஓவியம். ‘மழை, நீராவி, வேகம் - கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே’ என்பது அவர் இட்ட பெயர். ஏறத்தாழ 3 அடி உயரமும் 4 அடி அகலமும் உடைய எண்ணெய் வண்ணப் படம். டர்னர் 1775இல் இலண்டனில் முடிதிருத்துவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இதனைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. அதன்பின் 7 ஆண்டுகளே வாழ்ந்தார். தம்மிடம் எஞ்சியிருந்த ஓவியங்களை நாட்டுக்கென விட்டுச் சென்றார். அவ்வழியில் 1856இல் நாட்டுடைமையான இப்படம் இன்று இலண்டன் நேஷனல் காலரியில் உள்ளது. நாம் இலண்டன் சென்றோமல்லோம். அச்சுப் படிகளையும், கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கக் கிடைக்கும் படத்தையும் கொண்டே எழுதுகிறோம். வண்ணப் பசையின் தடிப்பு படியில் முழுதும் தெரியாது என்பதை நேயர்கள் நினைவில் கொள்க.

முதற் பார்வையில் இப்படத்தில் ஒன்றும் தெரிவதில்லை. மேலே வெண்மையும் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு கலக்கம். கீழே பொன்னிறமும் பழுப்பும் கலந்த இன்னொரு கலக்கம். வெயிலும் மழையும் ஒருங்கே அடிக்கும் பொழுது. காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் கூவுவார்களே, அந்தப் பொழுது. சற்றுப் பொறுத்தால், கலக்கத்தின் நடுவிலிருந்து ஒரு பாலம் புறப்பட்டு வலப்பக்கக் கீழ்மூலையை நோக்கிச் சாய்கோடாக அகன்றுகொண்டே வருவது தெரியும். பாலத்தின் மேல் ஒரு புகைவண்டி. அதன் கரும் புகைபோக்கி ஒன்றுதான் படம் முழுவதிலும் விளிம்பு தெளிந்த பொருள். எஞ்சின் முகத்தில் செந்தழல் ஒளிர்கிறது. பின்னால் வெண்ணிற ஆவித் திவலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று கரைகின்றன. அண்மையில் உள்ளது திரண்டும், தொலைவில் உள்ளது தேய்ந்தும் இருப்பதால் வண்டி எவ்வளவு விரைந்து வந்தது என்பதை நம் கண் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. இடப்புறம் தேம்ஸ் ஆறு, அதில் ஒரு சிறு படகு, அப்பால் ஒரு பழைய சாலைப் பாலம், கரையில் கூடிநிற்கும் சில மங்கலான உருவங்கள். வலப்புறம் தொலைவில் ஏர் பூட்டி உழும் ஒருவன். எஞ்சினுக்கு முன்னே தண்டவாளத்தின் மேல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு முயல்.

அந்தப் பாலம் கற்பனையன்று. இலண்டனுக்கு மேற்கே மெய்டன்ஹெட் என்னும் ஊரில் பொறியாளர் புருனெல் கட்டியது. ஆற்றின் மேல் இரண்டே பெருவளைவுகள். ஒவ்வொன்றின் அகலமும் 128 அடி, எழுச்சி 24 அடியே. அவ்வளவு தட்டையான செங்கல் வளைவு அதற்குமுன் கட்டப்பட்டதில்லையாதலால் அது நிற்காது என்று அஞ்சியவர் பலர். தாங்குமரச் சாரத்தை எடுக்க வேண்டாமென்று அவர்கள் வற்புறுத்தினர். பின்னர் ஒரு புயல் அச்சாரத்தை அடித்துச் சென்றபோதும் பாலம் அசையாது நின்றது. இன்றும் அதன்மேல் வண்டிகள் ஓடுகின்றன. டர்னர் நிற்குமிடத்திலிருந்து பார்வை கிழக்கே இலண்டனை நோக்குகிறது. வண்டி மேற்கு நோக்கி நம்மிடம் வருகிறது.

ஓர் ஆறு, அதன்மேல் ஒரு பழைய பாலம், பக்கத்தில் ஒரு புகைவண்டிப் பாலம் என்றவுடன் பள்ளிபாளையத்தில் இருக்கும் எமக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. சேலத்திலிருந்து சங்ககிரி வழியாக வந்து எங்கள் ஊரோரம் காவிரியைக் கடந்து ஈரோட்டை அடையும் பாதை, அக்கால மதராஸ் இரயில்வே குழுமம் மேலைக் கடற்கரையின் பேப்பூர்வரை அமைத்ததன் ஒரு பகுதி. அப்பெரும்பாதை 1862இல் முடிவுற்றது. அதாவது டர்னரின் படம் வந்து 18 ஆண்டுகளில். ஆற்றுக்கு இக்கரையில் உள்ள சிறு நிலையத்திற்குக் காவேரி என்றே பெயர். ஆகவே இப்படத்தை நாம் தொலைநாட்டு வியப்பாகப் பார்க்கவில்லை; நம் ஊர்ச் செய்தியாகவே பார்க்கிறோம்.

இனித் திறனாய்வுக்கு வருவோம். இப்படத்தைப் பற்றி நூற்றெண்பது ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. புதிய எந்திர யுகத்தை வாழ்த்திப் பாடிய படம் இது என்பர் ஒரு சாரார். இயற்கையை எந்திரம் விழுங்குவதைக் கண்டு புலம்பிய படம் என்பர் மற்றொரு சாரார். முன்னவர் வண்டியின் வீறார்ந்த வருகையைச் சுட்டுவர். பின்னவர் முயலைச் சுட்டுவர். இரு சாராரும் மேலைநாட்டு அளவுகோல்களையே கையாளுகின்றனர். நம்மிடம் இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று தமிழ்ப் பொருளிலக்கணம் தந்தது. மற்றொன்று மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்பெறும் அரபு அணியிலக்கணம் தந்தது. இவற்றை வைத்து அளந்தால் என்ன தெரிகிறது என்பதே நம் கேள்வி.

நிலத்தைப் பாடுவதற்கு உலகில் எம்மொழியிலும் இல்லாத ஒழுங்கு தமிழில் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள். அங்கு நிகழும் அகவொழுக்கம் உரிப்பொருள். உரிப்பொருள் இல்லாத நிலக்காட்சி தமிழ்க் கவிஞனுக்கு வெறும் வண்ணனையே. டர்னரின் படத்தில் முதற்பொருள் எது? கார்காலத்து மழை. கருப்பொருள்? ஆறு, ஏர், முயல், விரைந்து வரும் ஓர் ஊர்தி. மழையும் விரையும் ஊர்தியும் ஒருங்கு கூடும் திணை தமிழில் எது என்று பள்ளி மாணவனைக் கேட்டாலும் முல்லை என்பான். வினை முடித்து மீளும் தலைவன், கார் தொடங்கிவிட்டதே, இல்லிருந்து வழிநோக்கும் தலைவி வருந்துவாளே என்று தேரை விரையச் செலுத்துமாறு பாகனைத் தூண்டுவது முல்லைத் துறைகளுள் மிகப் பெரியது. மழையும் வேகமும் இணைந்த ஓவியத்தை டர்னருக்குப் பதினைந்து, பதினாறு நூற்றாண்டுகள் முன்னமே நம் புலவர்கள் சொல்லால் தீட்டிவிட்டனர்.

ஆனால் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், விரைந்து வருபவனே ஆயினும், வழியோரப் பூக்களில் தேன் உண்ணும் வண்டுகள் மருளுமே என்று அஞ்சித் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். எவ்வளவு விரைந்தாலும் அவன் கடக்கும் காடு அவனுக்குக் காடாகவே இருக்கிறது. அதில் வாழும் சிற்றுயிருக்கு அவன் கணக்குச் சொல்ல வேண்டியவனாகவே இருக்கிறான். மேலும், அவன் வேகத்திற்கு ஒரு முடிவிடம் உண்டு. ஒரு வீடு, அதில் ஒருத்தி. டர்னரின் வண்டிக்கு நாக்கைக் கட்டுவார் இல்லை. அது எங்கே போகிறது, யார் காத்திருக்கிறார் என்பதற்குப் படத்தில் விடையில்லை. பாலம் படச்சட்டத்தின் விளிம்பில் முடிந்துவிடுகிறது. அப்பால் இருப்பவர் பார்வையாளராகிய நாம்தான்.

முல்லையின் உறுப்புகள் எல்லாம் இருந்தும் முல்லையின் உயிராகிய இருத்தல் இல்லை. அப்படியானால் இது எத்திணை? ஐந்திணையுள் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கப்படவில்லை என்பதையும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று முன்னோர் கொண்டதையும் நேயர்கள் அறிவர். டர்னர் வரைந்தது திரிந்த முல்லை. அதனைத் திரித்தது வேனில் வெயில் அன்று, வேகம். நீரால் நிரம்பி வழியும் ஒரு பாலை நிலத்தை அவர் காட்டியிருக்கிறார். ஆறு உண்டு, மழை உண்டு, உழவு உண்டு. எனினும் வண்டியில் இருப்பவர்க்கு அது வாழும் நிலமாக இல்லை, கடக்கும் நிலமாக இருக்கிறது. பாலையின் பொருளே அதுதானே! ஆங்கிலேயர் ஒருவருக்குத் தொல்காப்பியரைக் கொண்டுபோய்ப் பூட்டுவது மிகை என்று சிலர் கருதலாம். அவர் நாட்டுத் திறனாய்வாளர் வாழ்த்தா, புலம்பலா என்று கேட்டு முட்டி நிற்கும் இடத்தை நம் இலக்கணம் எளிதில் தாண்டுகிறது என்பதே எமது விடை. திணை என்பது வாழ்த்தும் அன்று, புலம்பலும் அன்று. நிலம் மனிதனுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கூறும் சொல்.

ஈண்டு நம் உமறுப் புலவரை நினையாதிருக்க முடியவில்லை. சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அவர் அரபு நாட்டை வருணிக்கும்போது, ஆற்று வெள்ளம் பெருகி வருகிறது, வயல் விளைகிறது, மருதம் செழிக்கிறது. அரபு மணலைக் கண்ணால் கண்டவர்கள் இதனைப் படித்து நகைப்பதுண்டு. நகைப்பவர்க்குக் காப்பிய மரபும் தெரியாது, அன்பின் இயல்பும் தெரியாது. பெருமானார் (ஸல்) பிறந்த நாட்டைப் பாலையாகப் பார்க்க அந்தத் தமிழ்ப் புலவரின் மனம் ஒப்பவில்லை. தமக்குத் தெரிந்த நிலங்களில் உயர்ந்ததை அதற்கு அணிவித்தார். உமறு பாலையை மருதமாக்கினார். டர்னர் நீர்வளம் நிறைந்த தம் நாட்டைப் பாலையாக்கினார். இரண்டிலும் கண் கண்டதை மனம் மாற்றியிருக்கிறது. மாற்றியது பொய்யா என்று கேட்பது நுண்கலை அறியாதார் கேள்வி.

இனி முயல். இராயல் அகாடமியில் கண்காட்சிக்கு முந்திய நாள்களில் ஓவியர்கள் தம் படங்களுக்கு இறுதிப் பூச்சிடும் வழக்கம் இருந்தது. அப்போது அருகில் நின்ற ஒரு சிறுவனுக்கு டர்னரே இம்முயலைச் சுட்டிக் காட்டினார் என்பதை, அச்சிறுவன் வளர்ந்து தானும் ஓவியரானபின் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே முயல் தற்செயலாக விழுந்த வண்ணம் அன்று. அரபுப் பழங்கவிதையை ஓதியவர்க்கு இம்முயல் மிகத் தெரிந்த உயிர். கஸீதாவின் நடுப்பகுதியில் கவிஞன் தன் ஒட்டகத்தின் விரைவைக் கூற வரும்போது, அதனைக் காட்டுக்கழுதைக்கும் தீக்கோழிக்கும் வேட்டைநாய் துரத்தும் காட்டுப் பசுவுக்கும் ஒப்பிடுவான். ஒப்பிட்டதோடு நில்லாமல் அவ்விலங்கின் ஓட்டத்தையே பல அடிகள் தொடர்ந்து பாடுவான். ஊர்தியைச் சொல்ல விலங்கு. டர்னர் செய்ததும் அதுவே. ஆனால் ஒரு வேறுபாடு.

‘முக்தஸருல் மஆனீ’ ஓதியவர்கள் தஷ்பீஹின் நான்கு உறுப்புகளை மறந்திருக்க மாட்டார்கள்: ஒப்பிடப்படுவது, எதனோடு ஒப்பிடப்படுகிறதோ அது, ஒப்புமைச் சொல், இரண்டிற்கும் பொதுவான தன்மை. தமிழில் பொருள், உவமை, உவம உருபு, பொதுத்தன்மை என்போம். ஓவியனிடம் ‘போல’ என்ற சொல் இல்லை. வண்டி முயலைப் போல விரைந்தது என்று அவன் எழுத முடியாது. ஆகவே பொருளையும் உவமையையும் ஒரே தண்டவாளத்தில் ஓடவிட்டுவிட்டார் டர்னர். உவமை முன்னே ஓடுகிறது. பொருள் பின்னே துரத்துகிறது. இன்னும் சற்று நேரத்தில் பொருள் உவமையை நசுக்கிவிடும். அரபுக் கவிஞனின் ஒட்டகம் காட்டு விலங்கைப் போல் ஓடியதேயன்றி அதனைத் துரத்தவில்லை. இதுநாள்வரை மனிதனின் ஊர்திகளுக்கெல்லாம் உவமை விலங்குகளிடமிருந்தே வந்தது. இனி அந்த உவமைகள் செல்லா என்பதை இவ்வளவு சிறிய ஓர் உருவால் சொன்ன கலைஞர் வேறொருவரை நாம் அறியோம். சொல்லாமல் சொல்லும் இதனை நம் இலக்கணத்தார் உள்ளுறை என்பர். கருப்பொருளைக் கொண்டு உள்ளுறை அமைக்க வேண்டும் என்ற விதிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஓவியத்தில் கிடைப்பது அரிது.

காலம் இம்முயலையும் விட்டுவைக்கவில்லை. வண்ணம் மங்கி, இன்று மூலப் படத்தில் அது தெரிவது அரிதாகிவிட்டது. பிற்காலத்தில் செய்யப்பெற்ற செதுக்கச்சுப் படியில்தான் தெளிவாகத் தெரிகிறது. (உயிருருவம் உள்ள படத்தை வீட்டில் மாட்டலாமா என்று எம்மிடம் ஒரு மாணவர் வினவியதுண்டு. அவ்வினாவை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிடுகிறோம். முயல் தானே விலகிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.)

எஞ்சினின் முன்முகத்தில் தழல் தெரிவது தவறு என்று பொறிநூல் அறிந்தார் அன்றுதொட்டு இன்றுவரை கூறி வருகின்றனர். நீராவி எஞ்சினின் தீப்பெட்டி பின்புறம், ஓட்டுநர் நிற்கும் பக்கத்தில் இருப்பது; முன்புறத்திலிருந்து பார்ப்பவர்க்குத் தீ தெரியாது. உண்மைதான். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காஹிர் ஜுர்ஜானி தம் ‘அஸ்ராருல் பலாகா’வில் ‘தக்யீல்’ என்ற ஒன்றை விரிவாக ஆராய்கிறார். மெய்யென்று நிறுவ முடியாததை, மனம் மெய்யென ஏற்குமாறு கவிஞன் கற்பித்துக் காட்டுவது அது. வண்டிக்குள் தீ இருப்பது மெய். அது முகத்தில் இருப்பது தக்யீல். வயிற்றில் இருந்ததை முகத்தில் கொண்டுவந்து வைத்ததனால்தான் அது வெறும் வண்டியாக இல்லாமல், சினங்கொண்டு வருவதாகத் தோன்றுகிறது. பொறிநூலார் பிழை கண்ட இடத்தில் நாம் படத்தின் உயிரைக் காண்கிறோம்.

ஆனால் நாம் பாராட்டி முடித்துவிடவில்லை. இப்படத்தில் நம்மை நெடுநேரம் நிறுத்திய இடம் முயலுமன்று, தழலுமன்று. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள பெட்டிகள். பெரிதாக்கிப் பார்த்தால் அவை மேற்கூரை இல்லாத திறந்த பெட்டிகள் என்பதும், அவற்றில் வெளிறிய புள்ளிகளாக மனிதர் நெருங்கி இருப்பதும் தெரியும். அக்காலத்தில் மூன்றாம் வகுப்புப் பயணிகளை அவ்வாறுதான் ஏற்றிச் சென்றனர். இதே கிரேட் வெஸ்டர்ன் பாதையில், மெய்டன்ஹெட்டுக்கு மேற்கே சானிங் என்ற இடத்தில் வெட்டப்பட்ட ஆழ்ந்த பாதைக்குள், 1841 டிசம்பர் 24ஆம் நாள், மழையால் சரிந்து கிடந்த மண்ணில் ஒரு வண்டி மோதியது. எஞ்சினை அடுத்திருந்த தாழ்ந்த விளிம்புடைய திறந்த பெட்டிகளிலிருந்து எளிய மக்கள் தூக்கியெறியப்பட்டனர். அங்கேயே 8 பேர் மாண்டனர். ஒருவர் பின்னர் இறந்தார். இந்த விபத்து எழுப்பிய கவலையின் பயனாய், மூன்றாம் வகுப்புப் பயணிக்கு மழை மறைவுடைய பெட்டியும், மைலுக்கு ஒரு பென்னி என்ற கட்டணமும் உறுதி செய்யும் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நிறைவேறிய ஆண்டு 1844. டர்னரின் படம் மே மாதம் காட்சிக்கு வந்தது. சட்டம் ஆகஸ்டில் வந்தது.

இதனை அறிந்தபின் படத்தின் தலைப்பை மறுமுறை படித்தோம். மழை, நீராவி, வேகம். வேகம் என்பது குழுமத்தின் பங்குதாரருக்குப் பெருமை. நீராவி பொறியாளருக்குப் பெருமை. மழை யாருக்கு? மூடிய முதல் வகுப்பில் அமர்ந்தவர்க்கு மழை என்பது சன்னல் கண்ணாடியில் வழியும் காட்சி. திறந்த பெட்டியில் நின்று வருபவர்க்கோ அது உடம்பில் அறையும் குளிர். விரைந்து ஓடும் வண்டியில் மழைத்துளி ஊசியாகக் குத்தும். லாரியின் பின்புறம் நின்று பயணம் செய்த நம் தறித் தொழிலாளர் எவரும் இதற்குச் சான்று கூறுவர். தலைப்பின் முதற்சொல்லை டர்னர் அந்தப் புள்ளிகளுக்கு உரியதாகவே வைத்தார் என்று நாம் கொள்கிறோம். அவர் அப்படி எண்ணினாரா என்பதற்குச் சான்று தேடுவார் தேடட்டும்; படம் அவ்வாறு படிக்க இடம் தருகிறது.

இடம் தருகிறதேயன்றி அதற்குமேல் தரவில்லை. இதுவே நம் குறை. டர்னரின் மனிதர்கள் எப்போதும் வலுவற்றவர்கள். முகம் இல்லாதவர்கள், மூட்டு இல்லாதவர்கள். கடலுக்கும் வானுக்கும் அவர் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒன்றைக்கூட மனிதருக்குக் கொடுத்ததில்லை. இப்படத்திலும் ஆற்றங்கரையில் கூடியிருப்பவர்கள் ஆடுகிறார்களா, கையசைக்கிறார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் மாறுபடுகின்றனர். நன்றாக வரைந்திருந்தால் இந்த ஆய்வுக்கே வேலையில்லை. இயற்கையின் பெருமைமுன் மனிதனைச் சிறுமையாக்கிக் காட்டுவது அக்காலக் கற்பனை நெறியினரின் பொதுப் போக்கு என்று சமாதானம் கூறுவர். மலையின் முன் மனிதன் சிறுத்தால் அதில் பணிவு உண்டு. எந்திரத்தின்மேல் ஏறிய மனிதனே புள்ளியாகிப் போனால் அதனைப் பணிவென்று நாம் சொல்லத் தயாராக இல்லை.

நம் பக்கத்து நிலத்தை ஓவியமாக்கிய ஆங்கிலேயர்களும் உண்டு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்கு மாறிய சில வாரங்களிலேயே, தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து புறப்பட்டு, படை சென்ற தடத்திலேயே வந்து, இராயக்கோட்டை, ஓசூர் முதலிய இடங்களை வரைந்து சென்றனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 படங்கள் கொண்ட பெருந்தொகுதியில் அவை உள்ளன. நிழல்விழும் பெட்டிக் கருவி கொண்டு அளந்து வரைந்தவர்கள், கோடுகள் துல்லியமானவை, கோட்டைகள் இடிந்துபோன இக்காலத்தில் அவற்றின் பயன் பெரிது. எனினும் புதிதாகக் கைப்பற்றிய நிலத்தைக் கண்ணால் அளந்து வைத்தாற்போன்ற அமைதி அவற்றில் உண்டு. வென்றவன் நாட்டு ஓவியன் நம் நிலத்தைத் தெளிவாகப் பார்த்தான். அதே நாட்டின் பெரிய ஓவியன் தன் சொந்த நிலத்தைப் பார்த்தபோது கலங்கிப் போனான். நம்மைத் தொடுவது கலங்கியவனின் படமே.

அக்கலக்கத்தின் பயன் பின்னால் தெரிந்தது. 1870இல் பிரெஞ்சு நாட்டுப் போருக்குத் தப்பி இலண்டன் வந்த ஓவியர் மோனே அங்கே டர்னரின் படங்களைக் கண்டார். 1874இல் பாரிஸில் அவரும் நண்பர்களும் நடத்திய முதல் கண்காட்சியில், பிராக்மோன் என்பவர் இதே புகைவண்டிப் படத்தைப் பார்த்துச் செதுக்கிய அச்சும் இடம்பெற்றது. அவ்வியக்கத்தின் கதை நெடியது, ஈண்டு வேண்டுவதன்று.

எங்கள் ஊர்ப் பாலத்தை இன்று மின்சார எஞ்சின்கள் கடக்கின்றன. நீராவி போய்விட்டது, மழையும் வேகமும் உள்ளன. ஆடியில் மேட்டூரில் திறந்துவிட்ட நீர் இரு கரையும் தொட்டுச் செல்லும் நாள்களில், வண்டியில் வருவோர் சன்னலோரம் நெருங்கி எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம், பிறகு ஈரோடு. நீர் வற்றிய காலத்தில் பள்ளிபாளையம், குமாரபாளையம் ஓரங்களில் சாயப்பட்டறைக் கழிவு கலந்து ஆற்றின் விளிம்பு வண்ணம் மாறி ஓடுவதையும் அதே சன்னலிலிருந்து காணலாம். பல்லாண்டுகளாக மன்றங்களிலும் அலுவலகங்களிலும் பேசப்பட்டுவரும் செய்தி இது. மேலிருந்து, ஓடும் வண்டியிலிருந்து பார்க்கையில் அந்த வண்ணங்கள் அழகாகவே இருக்கின்றன. ஓவியம்போல் இருக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரர் வியந்ததை நாம் காதால் கேட்டிருக்கிறோம். அவருக்கு அது பாலை நிலம். அந்நீரை மொண்டு வாழ்பவர்க்கு அது மருதம். டர்னர் அந்தச் சன்னலுக்கு உள்ளே அமர்ந்து வரையாமல், வெளியே நின்று வரைந்தார் என்பதை நாம் மிக முக்கியமாகக் கருதுகிறோம். வண்டி நம்மை நோக்கி வருகிறது. நாம் அதில் இல்லை. முயல் நிற்கும் பக்கத்தில் நாமும் நிற்கிறோம்.

இப்படத்தின் நல்ல படி ஒன்று கிடைப்போர், பிள்ளைகளை அருகில் இருத்திக்கொண்டு பார்க்கலாம். எஞ்சினை அவர்களே உடனே கண்டுபிடித்துவிடுவர். அதனைக் கையால் மறைத்துவிட்டு இடப்புறத்துப் படகைத் தேடச் சொல்க; அதில் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்க. பிறகு வலப்புறத்து ஏர். பிறகு திறந்த பெட்டிகளில் உள்ள வெளிறிய புள்ளிகள். முயலை இறுதியில் வைத்துக்கொள்க. அதற்கு நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும்.